பாக்கெட் அக்கா படித்த ஒப்பந்தம்

முன்னறையிலிருந்து 'டிக், டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

அடுப்படியில் தேநீருக்குப் பால் வைத்திருந்தவள் நிமிர்ந்தாள். பத்தொன்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அந்தச் சத்தம் தெரியாதா? அவள் கணவர் கையெழுத்துப் போடுவதற்கு முன் பேனாவின் தலையை இரண்டு முறை அழுத்துவார். அந்த இரண்டாவது அழுத்தலுக்கும் கையெழுத்து முடிவதற்கும் நடுவில் நான்கு விநாடி இருந்தால் அதிகம்.

பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

முன்னறையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கால் இரும்புப் பட்டையோடு முக்காலியின் மேல் நீண்டு கிடந்தது. மடியில் ஒரு கோப்பு, அதன் மேல் ஐந்து பக்கத் தாள். வக்கீல் அலுவலகத்திலிருந்து வந்திருந்த குமாஸ்தா, எத்தனை சொல்லியும் உட்காராமல், குனிந்து நின்று கடைசிப் பக்கத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்த இடத்தை விரலால் காட்டிக்கொண்டிருந்தார். பேனா தாளைத் தொடப்போனது. அவள் பாய்ந்து அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து மறைத்தாள். பேனா முனை அவள் புறங்கையில் இறங்கி, நீலமாக ஒரு கீறல் போட்டு நின்றது.

"ஒரு நிமிஷம்," என்றாள் மூச்சு வாங்க. "நான் இன்னும் படிக்கல."

அடுப்படியில் பால் பொங்கி வழியும் ஓசை கேட்டது. யாரும் எழுந்து போகவில்லை.

அன்று காலையிலிருந்து அந்த வீட்டில் திருவிழாக் கூட்டம் இல்லாத குறைதான். நாலு மாதமாக இருண்டு கிடந்த வீட்டுக்கு, முந்தைய நாள் மாலை ஒரு போன் வந்தது. வக்கீலம்மா வழக்கை எடுத்துக்கொள்ள ஒத்துக்கொண்டார். முன்பணம் ஒரு காசு வேண்டாம், ஜெயித்தால் கொடுத்தால் போதும் என்றும் சொல்லிவிட்டார். அந்தச் செய்தியைக் கொண்டுவந்தவள் கணவரின் தங்கை. பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேஜையில் வேலை செய்பவள் அவள். வக்கீலம்மா கடைவாய்ப் பல்லைப் பிடித்துக்கொண்டு வந்த அன்றைக்கு, காத்திருக்கும் நேரத்தில் அண்ணனின் கதையைச் சொல்லி அழுதே சம்மதம் வாங்கியிருந்தாள். வலியில் இருந்த மனுஷி தலையாட்டாமல் என்ன செய்வார் என்று அண்ணனே கிண்டல் பண்ணினார். கிண்டல் பண்ணிய கையோடு கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

அவர் பார்சல்காரர். இருபத்திரண்டு வருஷம் வீடு வீடாக, கடை கடையாகப் பெட்டி கொண்டுபோய்க் கொடுத்தவர். நாலு மாதத்துக்கு முன் ஒரு மரச்சாமான் கிடங்கில், மேலே போகும் சரக்கு லிஃப்டின் இரும்புக் கதவு கழன்று அவர் முழங்காலின் மேல் விழுந்தது. ஒரு ஆபரேஷன் முடிந்தது. கால் தப்பியது, ஆனால் மடங்கவில்லை. இன்னொரு ஆபரேஷன் செய்தால் படி ஏறி இறங்கலாம், பழைய வேலைக்கே போகலாம் என்றார் மருத்துவர். அதற்கு ஆகும் செலவு இவர்கள் கைக்கு எட்டாதது. வீடு மூன்றாம் மாடியில், லிஃப்ட் கிடையாது. இந்த நாலு மாதத்தில் அவர் தெருவைப் பார்த்தது இரண்டே முறைதான். இரண்டு முறையும் அக்கம்பக்கத்தார் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். ஊரெல்லாம் சுமை தூக்கியவரை நாலு பேர் சுமந்தபோது அவர் யார் முகத்தையும் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

அந்த இரண்டாவது ஆபரேஷன்தான் இன்றைக்கு ஐந்து பக்கத் தாளாக மடியில் கிடந்தது.

கையெழுத்தைத் தடுத்ததும், பக்கத்தில் நின்றிருந்த நாத்தனாருக்கு முகம் சிவந்துவிட்டது. இரண்டு வக்கீல்கள் முடியாது என்று திருப்பி அனுப்பியதையும், வழக்குப் போடக் கெடு நாளை மறுநாளோடு முடிவதையும், தாள் இன்று ஐந்து மணிக்குள் அலுவலகம் போய்ச் சேராவிட்டால் எல்லாம் போச்சு என்பதையும் ஒரே மூச்சில் சொன்னாள். அப்போது மணி மூன்று ஐந்து.

"அண்ணி, இது உங்க சலவைக் கடை இல்ல," என்று முடித்தாள்.

இந்த இடத்தில் அந்தச் சலவைக் கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

அவளுக்கு ஊரில் பெயர் பாக்கெட் அக்கா. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பெரிய சலவைக் கடையில் துணி வாங்கும் மேஜை அவளுடையது. கோட்டோ புடவையோ எது வந்தாலும், கொண்டுவந்தவர் முன்னாலேயே உள்ளும் புறமும் திருப்புவாள். ஒவ்வொரு பாக்கெட்டையும் நாக்கை நீட்டுவதுபோல வெளியே இழுப்பாள். 'இடது கையில் பொத்தான் இல்லை. கழுத்தில் பழைய கறை. உள்துணி இரண்டு விரற்கடை கிழிசல்' என்று ரசீதில் எழுதுவாள். எழுதியதை வாய்விட்டு வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் துணி உள்ளே போகும். அவசரக்காரர்கள் அவளைத் திட்டாத நாள் இல்லை. காவல் நிலையத்தில்கூட இத்தனை கேள்வி கேட்க மாட்டார்கள் என்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே அடுத்த பாக்கெட்டைத் திருப்புவாள்.

அவள் பிறவியிலேயே அப்படி இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு மாப்பிள்ளையின் கோட்டை அப்படியே வாங்கி உள்ளே அனுப்பிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் அவ்வளவு அவசரப்படுத்தினார்கள். கோட்டின் உள்பாக்கெட்டில் ஒரு மைப்பேனா இருந்தது. இயந்திரம் சுற்றி நின்றபோது அந்தக் கோட்டோடு சேர்த்து இருபத்துமூன்று பேருடைய துணி நீலமாக வெளியே வந்தது. ஏழு மாதம் அவள் சம்பளத்தில் பிடித்தார்கள். அந்த ஏழு மாதமும் அவள் ஒரே ஒரு கேள்வியைத்தான் தன்னிடமே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நிமிஷம் பாக்கெட்டைத் திருப்பியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

அதன் பிறகு அந்தப் பாக்கெட்டுகளில் அவள் பார்க்காதது இல்லை. வீட்டுச் சாவி, காதல் கடிதம், காது வலிக்கு வைத்த பஞ்சு. ஒருமுறை ஒரு குழந்தையின் விழுந்த பல். இன்னொருமுறை ஒருவர் எழுதிவிட்டுக் கொடுக்காமலே வைத்திருந்த ராஜினாமாக் கடிதம். அவரிடம் திருப்பிக் கொடுத்தபோது, அந்த மனிதர் அதே இடத்தில் அதைக் கிழித்துப்போட்டுவிட்டு, "நல்லவேளை" என்று சொல்லிப் போனாராம்.

பார்சல்காரரை அவள் சந்தித்ததும் அதே மேஜையில்தான். ஐந்நூறு ஹேங்கர் இருந்த பெட்டியைக் கொண்டுவந்து, வழக்கம்போல 'இங்க ஒரு கையெழுத்து' என்று அட்டையை நீட்டினார். அவள் பெட்டியைப் பிரித்தாள், எண்ணினாள். நானூற்றுத் தொண்ணூற்றாறு இருந்தது. அதை எழுதிய பிறகே கையெழுத்துப் போட்டாள். அவருடைய முக்கால் மணி நேரம் போயிற்று. அன்றைக்கு அவர் திட்டிக்கொண்டே போனார். அடுத்த வாரம் முக்கால் மணி நேரம் முன்னதாகவே வந்து நின்றார்.

கல்யாணமான பிறகும் இருவருடைய தொழில் புத்தியும் ஒன்று சேரவே இல்லை. ஒரு நாளைக்கு நூறு பேரிடம் கையெழுத்து வாங்குபவர் அவர். படித்துப் பார்க்கிறேன் என்று வாசலில் நிற்கும் ஆள்தான் அவருடைய உலகத்தில் எதிரி. அப்படிப்பட்ட ஒருவரால் அன்றைய சுற்றுக்கே நேரம் தப்பிவிடும். தாளை நீட்டியவரைக் காக்க வைப்பதைப்போல அவமரியாதை வேறு இல்லை என்பது அவர் ரத்தத்தில் ஊறிப்போன விஷயம். அதனால்தான் குமாஸ்தா விரலைக் காட்டியதும், அவர் மனசு ஒன்றையும் யோசிக்கவில்லை. நின்றுகொண்டிருக்கும் மனிதரைச் சீக்கிரம் அனுப்ப வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தது.

இப்போதும் அவர் கூச்சத்தோடு, "சார் நின்னுட்டே இருக்காரும்மா" என்றார்.

"அப்ப உக்காரச் சொல்லுங்க," என்றாள் அவள். அவளே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். குமாஸ்தா இந்த முறை மறுக்க முடியாமல் உட்கார்ந்தார்.

அவள் தாளை எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனாள். இத்தனை நாள் யாரிடம் போய் மோதுவது என்றே தெரியாமல் கிடந்தது அவள் துக்கம். இன்றைக்கு அதற்கு ஐந்து பக்கத்தில் ஒரு வாசல் திறந்திருந்தது. உள்ளே போவதற்கு முன் வாசற்படி எவ்வளவு உயரம் என்று பார்க்க வேண்டாமா? கடையில் மிச்சமான ரசீதுப் புத்தகம் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படித்தாள். புரியாத இடத்தில் நிறுத்தினாள். கோட்டில் கறையைக் குறிப்பதுபோல ரசீதில் குறித்தாள்.

மூன்றாவது பிரிவில் முதலில் நின்றாள். வரும் மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு வக்கீலுக்கு. அடுத்து ஐந்தாவது பிரிவில் நின்றாள். வழக்குச் செலவுகள் கட்சிக்காரரைச் சேர்ந்தவை. கட்சிக்காரர் என்றால் நாம்தானே என்று குமாஸ்தாவிடம் கேட்டுக்கொண்டாள். எவை எவை அந்தச் செலவு என்றும் கேட்டாள். அவர் நல்ல மனிதர். கோர்ட் கட்டணம், மருத்துவர் வந்து சாட்சி சொல்ல ஆகும் செலவு, லிஃப்டைச் சோதித்து அறிக்கை தரும் பொறியாளருக்குக் கொடுப்பது என்று விரல் விட்டுச் சொன்னார். எல்லாவற்றையும் இப்போதைக்கு அலுவலகமே கட்டிவிடும், கடைசியில் பிடித்துக்கொள்ளும் என்றார்.

எப்படிப் பிடிப்பார்கள் என்று அவள் கேட்டாள். முதலில் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தில் மூன்றில் ஒன்றா, இல்லை முதலில் மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டு நம் பங்கிலிருந்து செலவா? குமாஸ்தா தாடையைச் சொறிந்தார். நாத்தனார் ரெண்டும் ஒண்ணுதானே என்றாள்.

பாக்கெட் அக்கா பால்கனிக்குப் போய், கொடியிலிருந்த துணிக் கிளிப்புகளைக் கூடையோடு கொண்டுவந்தாள். ஈரத் துணி ஒன்று கீழே விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. முப்பது கிளிப்பை எண்ணித் தரையில் வைத்தாள். வக்கீலம்மா நாத்தனாரிடம் கிடைக்கும் என்று சொல்லியிருந்த தொகை இந்த முப்பது என்று வைத்துக்கொள்ளச் சொன்னாள். முதலில் பத்தை ஒதுக்கினாள், வக்கீலுக்கு. பிறகு ஆறை ஒதுக்கினாள், செலவுக்கு. மிச்சம் பதினான்கு. மறுபடி முப்பதையும் சேர்த்தாள். இப்போது முதலில் செலவு ஆறு. மிச்சம் இருபத்துநான்கில் வக்கீலுக்கு எட்டு. நமக்குப் பதினாறு.

பார்சல்காரர் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். நாலு மாதத்தில் முதல்முறையாக அவர் முகத்தில் பழைய கூர்மை வந்தது.

"ரெண்டு கிளிப்பு எங்க போச்சு?" என்றார்.

"அதான் கேக்கறேன்."

அவள் இன்னொரு கணக்கும் வைத்தாள். மருத்துவர் சொன்ன இரண்டாவது ஆபரேஷனுக்கு இந்தக் கூடையில் பதினொரு கிளிப் வேண்டும். பதினான்கு வந்தாலும் கால் நடக்கும், பதினாறு வந்தாலும் நடக்கும். அப்பாடா என்று எல்லோரும் மூச்சுவிட்டார்கள். நாத்தனார்கூட அடுப்படிக்குப் போய்ப் பாலைத் துடைத்துவிட்டு, மறுபடி பால் வைத்தாள்.

அந்த நேரத்தில்தான் குமாஸ்தா அவர்களைச் சந்தோஷப்படுத்த நினைத்து ஒரு வார்த்தை சொன்னார். கவலையே படாதீங்க, எங்க மேடம் கேஸ் பாதிக்கு மேல கோர்ட் வரைக்குமே போகாது, ஒரு மாசத்துக்குள்ள சமரசமாப் பேசி முடிச்சிடுவாங்க என்றார்.

அவள் கை சட்டென்று நின்றது. தாளைப் புரட்டினாள். ஆறு, ஏழு, எட்டு. ஒன்பதாவது பிரிவு நான்காம் பக்கத்தின் அடியில், பக்க எண்ணுக்கு மேலே ஒட்டிக்கொண்டிருந்தது. சமரசத் தொகை குறித்து வழக்கறிஞர் தமக்குத் தக்கதெனத் தோன்றும் முடிவை எடுக்கலாம், கட்சிக்காரர் அதற்கு இப்போதே தம் சம்மதத்தைத் தெரிவிக்கிறார்.

அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

கிடங்குக்காரர்களின் காப்பீட்டுக் கம்பெனி மூன்று வாரத்துக்கு முன்பே ஒரு கடிதம் அனுப்பியிருந்தது. இவ்வளவு தருகிறோம், விஷயத்தை முடித்துக்கொள்ளுங்கள் என்று. அந்தத் தொகை இந்தக் கிளிப் கணக்கில் ஒன்பது. அவள் ஒன்பது கிளிப்பைத் தனியே தள்ளிவைத்தாள். வக்கீலுக்கு மூன்று. சமரசம் என்றாலும் கொஞ்சம் செலவு இருக்குமே, அதற்கு இரண்டு. தரையில் நான்கு கிளிப் மிஞ்சியது.

பதினொன்று வேண்டிய இடத்தில் நான்கு. அந்த நான்கு மரக் கிளிப்பையும் பார்சல்காரர் பார்த்தபடியே இருந்தார். பிறகு பார்வை மெல்ல முக்காலியின் மேல் கிடந்த காலுக்குப் போனது.

"அந்த மேடம் அப்படிப்பட்டவங்க இல்ல அண்ணி," என்றாள் நாத்தனார். ஆனால் இந்த முறை சத்தம் இறங்கியிருந்தது.

"இல்லாம இருக்கலாம்மா. கோட்டுக்காரங்களும் நல்லவங்கதான். பாக்கெட்ல பேனா இருந்தது அவங்களுக்கே தெரியாது."

குமாஸ்தாவிடம் இந்தப் பிரிவை வேறு யாராவது கேட்டிருக்கிறார்களா என்று விசாரித்தாள். யாருமே கேட்டதில்லை என்றார் அவர். பன்னிரண்டு வருஷமாக இந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறாராம். தானே ஒருமுறையும் முழுதாகப் படித்ததில்லை என்று ஒத்துக்கொண்டார். மஞ்சள் சீட்டு ஒட்டுவதுதான் தன் வேலை என்றார். பார்சல்காரர் அதைக் கேட்டுப் பொங்கிச் சிரித்துவிட்டார். நீங்களும் நம்ம ஆளுதான் சார் என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மணி மூன்று ஐம்பது. மேடத்துக்குப் போன் போடச் சொன்னாள். குமாஸ்தா தயங்கித் தயங்கிப் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்தார். அவள் தன் பெயரையும் உறவையும் சொல்லி, ரசீதில் குறித்திருந்ததை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டாள். முதலில் செலவைக் கழிக்கலாமா? தோற்றுப்போனால் அந்தச் செலவு யார் தலையில்? எங்களைக் கேட்காமல் சமரசம் பேசி முடிக்கலாம் என்று இருக்கிறதே, அது ஏன்? நடுவில் உங்களை வேண்டாம் என்றால் மணிக்கணக்குப் போட்டுப் பணம் தரவேண்டும் என்கிறதே ஏழாவது பிரிவு, அது எப்படி?

மறுமுனையில் வக்கீலம்மாவின் குரல் வறண்டு வந்தது.

"எம்மேல நம்பிக்கை இல்லன்னா, வேற வக்கீலப் பாத்துக்குங்கம்மா."

நாத்தனார் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். பார்சல்காரர் மனைவியின் முந்தானை நுனியைப் பற்றினார். விட்டுடும்மா, போட்டுடறேன் என்று அவர் உதடு சத்தமில்லாமல் அசைந்தது. குமாஸ்தா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தை பிசகினால் அந்த வாசல் அப்படியே மூடிக்கொள்ளும். அது அவளுக்கும் தெரியும். ஆனால் அவள் கண்ணில் அந்த நான்கு கிளிப்புதான் தெரிந்தது.

"மேடம்," என்றாள். "நம்பிக்கை இல்லன்னா இவ்ளோ நேரம் படிச்சிருக்க மாட்டேன். என் கடைக்கு வர்றவங்க என்னை நம்பித்தான் துணியக் குடுக்கறாங்க. அப்பவும் அவங்க கண்ணு முன்னாடி பாக்கெட்டத் திருப்பிக் காட்டிட்டுதான் நான் வாங்கறேன். அது அவங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. நீங்க எவ்ளோ வாங்கித் தருவீங்கன்னு நான் கேக்கல. முடிக்கறதுக்கு முன்னால ஒரு வார்த்த இவரைக் கேளுங்க. இது இவரு காலு."

மறுமுனையில் ஒரு நாற்காலி நகரும் சத்தம். வக்கீலம்மா மறுபடி பேசியபோது குரலில் அந்த வறட்சி இல்லை. காப்பீட்டுக் கம்பெனி அனுப்பிய கடிதத்தில் எவ்வளவு சொல்லியிருந்தார்கள் என்று விசாரித்தார். இரண்டாவது ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டார். எழுதிக்கொள்ளும் ஓசை கேட்டது. அந்த ஆபரேஷன் விஷயத்தை இதுவரை யாரும் தன்னிடம் சரியாகச் சொல்லவில்லை என்றார். சுவரோரம் இருந்த நாத்தனார் முகத்தை மூடிக்கொண்டாள். பல் வலிக்காரரிடம் அழுத அழுகையில் அது விட்டுப்போயிருந்தது.

அதன் பிறகு நடந்தது ஒரு சரியான பேரம். இரண்டு பெண்களும் சளைக்கவில்லை. ஏழாவது பிரிவை மாற்ற முடியாது என்றார் வக்கீலம்மா. ஒரு வருஷம் உழைத்து வழக்கைக் கரைக்குக் கொண்டுவந்த பிறகு, கட்சிக்காரர் வேறு ஆளிடம் போய்விட்டால் தன் உழைப்புக்கு என்ன வழி என்று கேட்டார். அது நியாயம் என்று இவளுக்கும் பட்டது. கோட்டைச் சலவை செய்து இஸ்திரி போட்ட பிறகு வேண்டாம் என்பவர்களை அவளும் பார்த்திருக்கிறாள். மூன்றாவது பிரிவும் அப்படியேதான் இருக்கும் என்றார். வருஷக்கணக்கில் செலவைத் தன் கையிலிருந்து போட்டுவைப்பது அலுவலகம், அதற்கு அந்த இரண்டு கிளிப் வேண்டும். இவள் சொல்லிய கணக்கைப் பிடித்துக்கொண்டு, கிளிப் என்றே சொன்னார். குமாஸ்தாவுக்குச் சிரிப்பு வந்து இருமலாக்கிக்கொண்டார்.

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் இரண்டு விரலைக் காட்டி, போனால் போகட்டும் என்பதுபோலக் கையை வீசினார். அவளுக்கு மனசு வலித்தது. இரண்டு கிளிப் என்பது அவள் மேஜையில் எத்தனை மாதச் சம்பளம் என்று அவளுக்குத்தான் தெரியும். ஆனாலும் விட்டுக்கொடுத்தாள். விட்டுக்கொடுத்த கையோடு மற்றதைக் கெட்டியாகப் பிடித்தாள்.

கடைசியில் மூன்று விஷயம் முடிவாயிற்று. தோற்றால் செலவு முழுவதும் அலுவலகத்தைச் சேர்ந்தது. பெரிய செலவு எதுவாக இருந்தாலும் முன்கூட்டியே இவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். ஒன்பதாவது பிரிவில் இருந்த வரியை அடித்துவிட்டு, கட்சிக்காரரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் எந்தச் சமரசமும் செல்லாது என்று எழுத வேண்டும்.

போனை வைப்பதற்கு முன் வக்கீலம்மா ஒன்று சொன்னார்.

"உங்க வீட்டுக்காரர் சாட்சி சொல்ற அன்னிக்கு நீங்களும் வாங்கம்மா. எதிர்த்தரப்பு தாள் நீட்டும்போது நீங்க பக்கத்துல இருந்தா எனக்கும் தெம்பா இருக்கும்."

நாத்தனார் சுவரோரத்திலிருந்து எழுந்து வந்து, அண்ணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். பல் ஆஸ்பத்திரி வேலைய விட்டுட்டு உங்க கடைக்கே வந்துடறேன் அண்ணி என்றாள் அழுகைக்கு நடுவே. முதல் மாசம் பாக்கெட் திருப்ப மட்டும்தான் விடுவேன் என்றாள் இவள்.

மணி நான்கு இருபது. அவசர அவசரமாக வேலை நடந்தது. குமாஸ்தா முத்து முத்தான கையெழுத்தில் ஓரத்தில் திருத்தங்களை எழுதினார். ஒன்பதாவது பிரிவின் மேல் நேர்க்கோடு போட்டார். நாத்தனார் மூன்று மாடி இறங்கி ஓடி, நகல் எடுக்கும் கடையிலிருந்து இன்னொரு பிரதியோடு மூச்சிரைக்க வந்தாள். திருத்தம் இருந்த ஒவ்வொரு இடத்திலும் பார்சல்காரர் சுருக்கக் கையெழுத்துப் போட்டார். இந்த முறை ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துவிட்டுப் போட்டார். ஒன்பதாவது பிரிவைப் படிக்கும்போது, பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிப்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்து படித்தார். கடைசிப் பக்கத்தில் முழுக் கையெழுத்து விழுந்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வேண்டாம் வேண்டாம் என்றாலும் கண்ணீர் வந்துவிட்டது.

வக்கீலம்மா கையெழுத்திட்ட பிரதி ஒன்று நாளைக்கு வீட்டுக்கு வர வேண்டும் என்று ரசீதில் எழுதி, குமாஸ்தாவிடம் நீட்டினாள். அவர் பேனாவை எடுத்தார். எடுத்தவர் நிறுத்தி, மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, அந்த இரண்டு வரியையும் மெதுவாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தேநீரை நின்றபடியே குடித்து முடித்தார்.

அவர் கிளம்பும்போது பார்சல்காரர் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தார். வேண்டாம் சார், உட்காருங்கள் என்று குமாஸ்தா எவ்வளவோ சொன்னார். அவர் கேட்கவில்லை. ஒரு கை மனைவியின் தோளில், ஒரு கை சுவரில். மடங்காத காலை இழுத்து இழுத்து, ஏழெட்டு அடி எடுத்து வைத்து, வாசல்வரை வந்தார். நெற்றியில் வியர்வை பூத்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, வெளியே கீழிறங்கும் படிகளைப் பார்த்தார். நாலு மாதமாக அந்தப் படியைப் பார்க்கவே மறுத்தவர் அவர்.

"கோர்ட்டுக்கு வர்ற அன்னிக்கு நாற்காலிக்கும் ஆளுக்கும் சொல்லி வைக்கட்டுங்களா சார்?" என்று கேட்டார் குமாஸ்தா.

"மொத தடவைக்குச் சொல்லி வைங்க," என்றார் பார்சல்காரர். "தீர்ப்புக்கு நானே எறங்கி வந்துடறேன்."

குமாஸ்தா கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். மணி நான்கு நாற்பது. இரண்டிரண்டு படியாக இறங்கினார். அவருடைய செருப்புச் சத்தம் இரண்டாம் மாடி, முதல் மாடி என்று குறைந்துகொண்டே போய், தெருச் சத்தத்தில் கலந்தது. அதுவரை கணவரைத் தோளில் தாங்கியபடி நின்றிருந்த பாக்கெட் அக்கா, இன்னொரு கையால் கதவைச் சாத்தினாள்.